இரண்டும் ஒரே மாதிரி

செல்போன் கடைக்குள் காலை வைக்கும்வரை தாமரைச்செல்வியின் மனசில் கள்ளம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உள்ளே போன பிறகு அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் கிடைக்காது.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கமலக்கண்ணனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை, வீடு படப்பையில். பெண் வீடு பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் இரண்டே அறை. அப்பா, வேலை பார்த்த மில் மூடிய கவலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அஞ்சலாட்சி ஒரு பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள். அண்ணன் நெடுமாறன் தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் மெஷின் ஓட்டுகிறான். பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை.

வரவில்லை என்பது ஊராருக்குத்தான். தங்கச்சியிடம் அவன் பெரிய வாயாடி. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சைகை பாதி, அண்ணனும் தங்கச்சியும் சின்ன வயசிலிருந்து தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது பாதி. அம்மா என்றால் மூக்குத்தி இருக்கும் இடத்தில் விரல். தாமரை என்றால் தோளுக்கு முன்னால் இல்லாத பின்னலை இழுத்துவிட வேண்டும். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் என்றால் வயிற்றைத் தள்ளிக் காட்டினால் போதும். அம்மாவுக்கு இதில் சாப்பிடு, தூங்கு, காசு, வேணாம் என்கிற அளவுக்குத்தான் தெரியும். எழுதிக் காட்டலாமே என்றால், அவனுக்கு எழுத்து கடைப்பெயர் படிக்கிற அளவோடு நின்றுவிட்டது. ஆக, அவனுக்கு உலகத்தோடு பேச இருந்த ஒரே ஆள் தங்கச்சி. அவர்கள் கையால் பேசியதை இங்கே வாயால் பேசியது போலத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கல்யாணம் நிச்சயமானதும் அவன் தன் போனஸையும் ஓவர்டைம் பணத்தையும் கொண்டுவந்து தங்கச்சி மடியில் போட்டான்.

"இது அண்ணன் சீரு. பீரோவும் கட்டிலும் அம்மா பாத்துக்கும். எனக்கும் உனக்கும் ஆளுக்கு ஒரு போன் வாங்கணும். நீ அங்க போயிட்டா நான் யார்கிட்ட பேசறது? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு இருக்கக் கூடாது."

நேரு வீதிக் கடையில் வடிவேல் என்கிற விற்பனையாளர் அவர்களை உட்காரவைத்து, அந்தப் பணத்துக்கு ஒரே மாடலில் இரண்டு போன் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றும் பதினைந்தாயிரம், சுமாரான போன். குறை சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்க கேமராவில் முகம் தெளிவாகத் தெரிந்தது. அத்தோடு பில் போட்டுக்கொண்டு எழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் கண்ணாடிக்குக் கீழே இன்னொரு போன் இருந்தது. இருபதாயிரத்துக்கு மேல் விலை, வழவழவென்று பளபளக்கும் திரை. அதைப் பார்த்ததும் தாமரைக்கு நிச்சயதார்த்தத்தன்று நடந்தது ஞாபகம் வந்தது. நாத்தனார் சந்திரகலா, நம்பர் போட்டுக்கொள்ள அவளுடைய பழைய போனைக் கையில் வாங்கினாள். கீறல் விழுந்து மூலை உடைந்த போன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லாததுதான் தாமரையைச் சுட்டது.

"இது ஒண்ணு எடுத்தா, மீதிப் பணத்துல இதே கம்பெனியில, பாக்க இதே மாதிரி ஒண்ணு வருமா?" என்று கேட்டாள். கேட்கும்போது அண்ணன் பக்கம் பார்க்கவில்லை.

வடிவேல் எட்டாயிரத்துப் போன் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பின்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை மாதிரி இருந்தன.

"கம்பெனிக்காரன் அப்படித்தாங்க பண்ணுவான், மேல ஒரே சட்ட, உள்ள வேற ஆளு," என்றார் வடிவேல். "ரெண்டுலயும் அம்பது மெகாபிக்ஸல்னு பெருசா போட்டிருப்பான். அத நம்பாதீங்க. இதுல கை ஆடினாலும் படம் ஆடாது, அதுல ஆடும். இது அமோலெட் ஸ்கிரீன், வெயில்லயும் தெரியும். அது சாதா ஸ்கிரீன், வெயில்ல நம்ம மூஞ்சிதான் தெரியும். பேட்டரி ரெண்டும் ஒரே அளவுதான். ஆனா இது ஒரு டீ சாப்பிட்டு வர்றதுக்குள்ள பாதி ஏறிடும், அது ராத்திரி பூரா கெடக்கணும். ரேம் இதுல எட்டு, அதுல நாலு. அது வாங்கின புதுசுல ஓடும், அப்புறம் திணறும்."

"பேச எடுக்க நல்லா இருக்கும் இல்ல?"

"பேச ஒண்ணும் கொற இல்ல. முன்கேமராதான் அதுல ரொம்ப மட்டம். கடையில இவ்ளோ லைட்டு இருக்கறதால இப்ப தெரியாது. வீட்ல ஒத்த லைட்டுல கைய ஆட்டினீங்கன்னா இழுத்துக்கினு போவும், பொக மாதிரி. வீடியோ கால் பேசறவங்களுக்கு நான் அத குடுக்க மாட்டேன். யாருக்குங்க அது?" அவர் கண் ஒரு நொடி நெடுமாறன் மேல் போய் வந்தது. அண்ணனும் தங்கச்சியும் கையால் பேசிக்கொண்டதை அவர் பார்த்திருந்தார்.

"எங்கம்மாவுக்கு," என்றாள் தாமரை. "அண்ணன்கிட்ட வேற இருக்குது."

நெடுமாறன் அவள் தோளைத் தட்டினான். "என்ன சொல்றாரு?"

"ரெண்டும் ஒரே மாதிரியாம்," என்று அவள் இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். "பேட்டரி நல்லா நிக்குமாம்."

ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் இரண்டு பொய். ஒருவர் பேசியது மற்றவருக்குக் கேட்காது, மற்றவர் பேசியது ஒருவருக்குப் புரியாது. நடுவில் இவள் வைத்ததுதான் சட்டம். இத்தனை வருஷம் அண்ணனுக்குக் காதாக இருந்தவள், அந்தக் காதையே திருகிவிட்டாள். அது அப்போதே அவளுக்கு உறுத்தியது. அவன் என்ன, சினிமாவா எடுக்கப் போகிறான் என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டுக்கும் ஒரே நீல நிற உறை போடச் சொன்னாள். பெட்டிகளைக் கடையிலேயே விட்டுவிட்டு, பில்லை மடித்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நெடுமாறன் இரண்டு போனையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, எந்தக் கை என்று விளையாட்டாகக் கேட்டான். அவள் வலது கையைத் தொட்டாள். அவன் நீட்டியபோது பார்த்தால், அதில் இருந்தது மட்டமான போன். உடனே இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். எதை எடுத்தாலும் ஒன்றுதானே, இதற்கு என்ன இத்தனை யோசனை என்று அவன் சிரித்தான்.

படப்பைக்குப் போன பிறகு முதல் வீடியோ கால். சாயங்காலம் அண்ணன் வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடத்தில் ஒரே ஒரு லைட். முகம் தெரிந்தது. கையைத் தூக்கிய உடனே விரல்கள் காணாமல் போய்விட்டன. மணிக்கட்டுக்கு மேலே சாம்பல் நிறத்தில் ஏதோ அலைந்தது, அவ்வளவுதான். வடிவேல் சொன்ன பொகை, அப்படியே.

அவனுக்கோ இவள் பளிச்சென்று தெரிந்தாள். திரை மூலையில் நகத்தளவு தெரிகிற தன் படத்தை அவன் கவனிக்கவில்லை. போன் யாருடையது மட்டமோ அவர் எதிராளிக்குத் தெரியமாட்டார், எதிராளி அவருக்கு நன்றாகவே தெரிவார். வீடியோ காலின் அழகு அது. தங்கச்சி கை ஒவ்வொரு விரலாகத் தெரிகிறது, போன் இரண்டும் ஒரே மாதிரி. அப்புறம் அவள் ஏன் "திரும்பச் சொல்லு, திரும்பச் சொல்லு" என்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை.

"நெட்வொர்க் சரியில்ல," என்றாள்.

அவன் அதை நம்பினான். மறுநாள் சிம்மை மாற்றினான். சிக்னல் நன்றாகக் கிடைக்கட்டும் என்று மொட்டை மாடியில் ஏறி நின்றான். அங்கே இன்னும் இருட்டு. பிறகு, குறை தன் கையில்தான் என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, பெரிதாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொல்ல ஆரம்பித்தான். மடமடவென்று கேலியும் கிண்டலுமாகக் கொட்டுகிறவன், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன் என்று பொம்மை மாதிரி பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்தாளே தவிர, உண்மையைச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் கூப்பிட்டிருந்தால் தெரு வெளிச்சத்தில் தெரிந்திருக்கும். அன்றைக்குப் புகுந்த வீடு நிறைய ஆள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் கையை ஆட்டிப் பேச அவளுக்குக் கூச்சம். இது அடுத்த குற்றம்.

கமலக்கண்ணன் நல்ல மனுஷன். ஒருநாள் அவள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஒங்கண்ணன் போன்ல ஒண்ணுமே தெரியலையே, வேற வாங்கிக் குடுத்துடலாமா?" என்று கேட்டான்.

"அதுவும் இதே போன்தாங்க. அண்ணன் ரெண்டா வாங்கினது. அங்க டவர்தான் சரியில்ல," என்றாள். அண்ணனின் சீர் என்று புகுந்த வீட்டில் பெருமையாகச் சொல்லிவைத்த கதை அது. சந்திரகலாகூட அந்தப் போனை வாங்கி வாங்கி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். இனி அதை எப்படி மாற்றுவது? தானே வைத்த பூட்டு, சாவியையும் தானே கிணற்றில் போட்டாயிற்று.

ஆனி மாசம் ஒரு சாயங்காலம் அண்ணன் வழக்கத்துக்கு மாறாக இரண்டு தடவை கூப்பிட்டான். இவள் சமையலறையில் இருந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, மாமியார் தயிர்ச் சட்டி எங்கே என்று கேட்கிறாள். போனைச் சன்னல் மேல் சாய்த்து வைத்து எடுத்தாள்.

அவன் மெல்லப் பேசவில்லை. பழைய நெடுமாறனாக, மடமடவென்று பேசினான். புருவத்தின் மேல் என்னவோ தொட்டான், அது என்ன சைகை என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா என்று மூக்கைத் தொட்டது மட்டும் தெரிந்தது. மீதியெல்லாம் பொகை.

"திரும்பச் சொல்லு."

சொன்னான். தெரியவில்லை.

"இன்னொரு தரம்."

இன்னொரு தரமும் சொன்னான். அவன் நெற்றியில் வேர்வை மினுங்கியது தெரிந்தது. கை தெரியவில்லை. மூன்றாவது தடவையாகக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. கடைசியில் அவன் கையை நிறுத்திவிட்டு, கேள்வி கேட்கிற முகத்தோடு காத்திருந்தான். வீட்டுக்கு ஏதோ வாங்கலாமா என்று கேட்கிறான் போல என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். சரி, செய் என்று கட்டைவிரலையும் காட்டினாள்.

அவன் திரும்ப ஒரே ஒரு சைகை செய்தான், நிச்சயமாகவா என்பது போல. அவள் இன்னும் பலமாகத் தலையாட்டினாள். அவனும் தலையாட்டிவிட்டு வைத்துவிட்டான். குழம்பு அடிப்பிடிக்காமல் இறக்கினாள், மாமியாருக்குத் தயிர்ச் சட்டியை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் மனசில் இருந்தது நிம்மதிதான்.

அதற்குப் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. கூப்பிட்டால் எடுப்பான். சாப்பாட்டுத் தட்டைக் காட்டுவான், கட்டைவிரல் காட்டுவான், வைத்துவிடுவான். தட்டும் கட்டைவிரலும் பொகையில்லாமல் தெரிந்தன. அது அவளுக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருக்கிறதே என்று நினைத்தபோது தன் மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போக அம்மாவும் அண்ணனும் தட்டு வரிசையோடு வந்தார்கள். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே அந்தக் கைகள். ஒவ்வொரு விரலும் தெரிந்தது. ஆனால் அந்தக் கைகள் மடியிலேயே இருந்தன. தாமரை நூறு கேட்டால் அவன் ஒன்று சொன்னான்.

"ஏம்மா, அண்ணன் ஏன் இப்படி இருக்குது?" என்று அம்மாவைக் கேட்டாள்.

"வேல ஜாஸ்தி," என்று அஞ்சலாட்சி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீராம்பட்டினம் அம்மன் கோயில் தேர் அன்றைக்கு மூவரும் போனார்கள். பாண்டிச்சேரியே அங்கே வந்து கொட்டியிருந்தது. தேர் நகர்ந்து முடிந்து, அம்மா மர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ள, அண்ணனும் தங்கச்சியும் வளையல் கடைப் பக்கம் நடந்தார்கள். எதிரே ஒரு பெண் தன் வீட்டாரோடு வந்துகொண்டிருந்தாள். வலது புருவத்தின் மேல் சின்னத் தழும்பு. நெடுமாறனைப் பார்த்ததும் அவள் கை பாதி எழுந்தது. பிறகு தாமரையைப் பார்த்தாள். தன் தோளுக்கு முன்னால் இல்லாத பின்னலை இழுத்துவிட்டு, இவள்தானா என்பது போல அவனைப் பார்த்தாள்.

அது தாமரையின் பெயர். அந்த வீட்டு மூன்று பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாத பெயர். நெடுமாறன் ஆமாம் என்று தலையசைத்தான். அந்தப் பெண் தாமரையை மேலும் கீழும் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தன் ஆட்களோடு போய்விட்டாள்.

"யாருண்ணா அது?"

அவன் அவளை வியப்பாகப் பார்த்தான். "அவதான் மேனகா. உன்கிட்ட சொன்னேன் இல்ல?"

"எப்ப?"

"அன்னைக்கு, நீ சமைச்சிக்கினு இருந்தப்ப. நீதான விட்டுடுன்னு சொன்ன?"

அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு மேளத்தில், தாமரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு உன் கை தெரியவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று வீடு வரும்வரை யோசித்தாள். தங்கச்சி யோசித்துத்தான் சொல்லியிருப்பாள் என்று அவன் நம்பிக்கொண்டிருக்கிறான். அந்த நம்பிக்கையிலேயே அவன் ஆறிவிடுவான். யோசிக்கக்கூட இல்லை, பார்க்கவே இல்லை என்று தெரிந்தால் எப்படி ஆறுவான்? ஆட்டோவில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். களைத்திருப்பாள் என்று நினைத்து வெயில் அவள் மேல் படாமல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், பகலிலும் இருட்டாக இருக்கும் கூடத்தில் லைட்டைப் போட்டு அவனை உட்காரவைத்தாள்.

"அன்னைக்குச் சொன்னதை அப்படியே இன்னொரு தரம் சொல்லுண்ணா."

"முடிஞ்சி போனதை எதுக்கு?"

"சொல்லு."

அவன் சொன்னான். புருவத்தின் மேல் விரல் வைத்தான், அது மேனகாவின் பெயர். "மேனகா, எங்க கம்பெனியில லேபிள் ஒட்டற எடத்துல புதுசா சேர்ந்திருக்கா. அவளுக்கும் கேக்காது. நான் சொல்றது அவளுக்குப் புரியுது, அவ சொல்றது எனக்குப் புரியுது. அவங்க வீட்ல வந்து பேசறேன்றாங்க. அம்மா வேணாங்குது. ரெண்டு பேருக்கும் கேக்காதே, கொழந்த அழுதா யாரு எழுந்திருப்பாங்கன்னு காதத் தொட்டு, கொழந்தய ஆட்டற மாதிரி காட்டிக் கேக்குது. நீ சொல்லு. நீ என்ன சொல்றியோ அதான். விட்டுடவா?"

ஒரு சொல் விடாமல் தெரிந்தது. இந்தக் கேள்விக்குத்தான் அவள் சிரித்தாள், தலையாட்டினாள், கட்டைவிரல் காட்டினாள்.

"இப்ப அவ எங்க?"

"அவங்க வீட்ல வேற எடம் பேசி ஆனியிலயே பூ வச்சிட்டாங்க. ஆவணியில கல்யாணம்."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "எதுக்குடி அவனக் கெளர்ற? நீயும் வேணாம்னுட்டன்னு அவன் ஒன் பின்னலயும் கட்டவெரலயும் காட்டினான், நானும் அத்தோட விட்டுட்டேன்," என்றாள். நீயும் ஒத்துக்கொண்டிருந்தால் நான் என்ன குறுக்கேயா படுத்திருப்பேன் என்றும் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

தாமரை தன் போனிலிருந்து அண்ணன் போனுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் போனை அவன் எதிரே நிறுத்தி, தன் போனை அவன் கையில் கொடுத்தாள். "பேசு. பேசிக்கினே இதைப் பாரு."

அவன் ஒரு கையால் ஏதோ சொன்னான். திரையில் தன் கை கரைந்து போவதைப் பார்த்தான். விரல்களை விரித்தான், மடக்கினான். வேகமாக ஆட்டினான், மெதுவாக ஆட்டினான். லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். இரண்டு போன்களையும் உறையிலிருந்து கழற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான். இத்தனை நாள் தங்கச்சிக்குத் தான் எப்படித் தெரிந்தோம் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"ரெண்டும் ஒரே மாதிரின்னு அந்த ஆளு பொய் சொல்லிட்டாரா?"

இதுவும் ஒரு வழிதான். ஆமாம் என்றால் பழி கடைக்காரர் தலையில் போய்விடும். நேரு வீதியில் யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

"அவரு சொல்லலை. கைய ஆட்டினா தெரியாதுன்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன். எனக்கு நல்லது வேணும்னு உனக்கு மட்டத்த வாங்கினேன். அன்னைக்கு நீ கேட்டது எதுவுமே எனக்குத் தெரியலைண்ணா. தெரிஞ்சிருந்தா விடாதன்னு சொல்லியிருப்பேன்."

அழுகை வந்து கண் மறைத்தது. அவன் திட்டுவான், அடித்தாலும் அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் வெகுநேரம் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான், சொன்னது இதுதானா என்று சரிபார்ப்பது போல.

அவள் நல்ல போனை அவன் பக்கம் தள்ளினாள். "இத நீ எடுத்துக்க. இனிமே எல்லாம் தெரியும்."

அவன் அதை எடுத்தான். துடைத்தான். நீல உறையைப் பொறுமையாகத் திரும்ப மாட்டி, அவள் மடியில் வைத்தான்.

"நீயே வச்சிக்க. இதுல நான் இனிமே யார்கிட்ட பேசப் போறேன்?"

பிறகு எழுந்து, இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான். தாமரை வாசல்வரை ஓடினாள். முதுகைக் காட்டிக்கொண்டு போகிறவனைக் கூப்பிட அவளிடம் எந்தச் சொல்லும் இல்லை.